மஞ்சள் கோட்டைப் பார்த்தவர்கள்

ஆகஸ்டு வந்தால் வாட்ஸப்பில் அந்தச் செய்தியும் வந்துவிடும். ஹீலியம் நம்ம குண்டூரில்தான் கண்டுபிடிக்கப்பட்டது, கண்டுபிடித்தவர் ழான்சென் என்ற பிரெஞ்சுக்காரர். நானும் அதை நம்பி நாலு பேருக்கு அனுப்பியவன்தான். முழுப் பொய் இல்லை. ஆனால் அந்த ஒற்றை வரிக்காக ஒருவரை நாம் சுத்தமாக மறந்துவிட்டோம்.

1868 ஆகஸ்டு 18. முழு சூரிய கிரகணத்தின் நிழல் தக்காணத்தைக் கடந்து குண்டூர், மசூலிப்பட்டினம் வழியாகக் கடலுக்குள் போனது. ஒளியைப் பிரித்துப் பார்த்து அது எந்தத் தனிமத்திலிருந்து வருகிறது என்று சொல்லும் வித்தையை கிர்க்காஃபும் புன்சனும் காட்டி அப்போது ஒன்பது வருடம்தான் ஆகியிருந்தது. கிரகணத்தின்போது சூரியனின் விளிம்பில் சிவப்பாகத் தீநாக்குகள் எழும் இல்லையா, அவை எதனால் ஆனவை என்று யாருக்கும் தெரியாது.

குண்டூரில் ழான்செனின் நிறமாலைமானியில் பளிச்சென்று கோடுகள் தெரிந்தன. அப்படியானால் அவை சூடான வாயு; பெரும்பகுதி ஹைட்ரஜன். கோடுகள் அவ்வளவு பிரகாசமாக இருந்ததால் கிரகணம் இல்லாமலேயே இவற்றைப் பார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. மறுநாளே பார்த்தும்விட்டார். அவர் பாரிசுக்கு எழுதியது இதைத்தான். புதுத் தனிமம் என்று அதில் ஒரு சொல் கிடையாது.

அன்று மசூலிப்பட்டினத்தில் இன்னொருவர் நின்றிருந்தார். நார்மன் போக்சன், நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தின் அரசு வானியலாளர். அவரும் மஞ்சள் கோட்டைப் பார்த்தார். மஞ்சளில் கோடு என்றால் அது சோடியத்தின் ‘டி’ கோடுதான் என்று எல்லாரும் எழுதிவிட்டுப் போகிற காலம். போக்சன் மட்டும் டி-யிலோ அதற்குப் பக்கத்திலோ என்று இழுத்தாற்போல எழுதிவைத்தார். அந்த ‘பக்கத்திலோ’தான் ஹீலியம். ஆனால் அவருடைய அறிக்கை சென்னையில் அரசாங்க அச்சில் வந்ததோடு சரி. ஐரோப்பாவில் அதைப் படித்தவர்கள் அனேகமாக இல்லை.

கோட்டைச் சரியாக அளந்தது லண்டனில் நார்மன் லாக்யர். போர்த்துறை அலுவலகத்தில் குமாஸ்தா. வானியல் அவருக்கு ஓய்வுநேர வேலை. அதே அக்டோபர் 20 அன்று கிரகணம் இல்லாமலே தீநாக்குகளைப் பார்த்தார். மஞ்சள் கோடு சோடியத்தின் இரண்டு கோடுகளோடும் பொருந்தவில்லை என்பது அவருடைய அளவீடுகளில் தெளிவானது. 589.0, 589.6 நானோமீட்டரில் சோடியம், இது 587.5-இல். இந்தச் சின்ன இடைவெளிக்காக ஒரு புதுத் தனிமத்தை நம்பச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஹைட்ரஜனிலிருந்து அதே கோட்டை வரவழைக்க வேதியியலாளர் ஃபிராங்க்லாந்தோடு சேர்ந்து முயன்றார், வரவில்லை. கிரேக்கச் சூரியன் ஹீலியோஸின் பெயரை வைத்தார்கள். உலோகமாக இருக்கும் என்று நினைத்து, சோடியம், கால்சியம் மாதிரி ‘இயம்’ சேர்த்துவிட்டார்கள். ஆர்கான், நியான் என்ற வரிசையில் ஹீலியம் மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை மாதிரி நிற்பதற்கு இந்தத் தப்புக்கணக்குதான் காரணம்.

அடுத்த இருபத்தேழு வருடம் அது வெறும் கோடுதான். மெண்டலீவ்கூட அதை நம்பவில்லை. மந்த வாயு எதனோடும் சேராது, காற்றில் தங்காமல் விண்வெளிக்குத் தப்பிவிடும். அப்புறம் எங்கே போய்த் தேடுவது? யுரேனியக் கனிமத்துக்குள் அது சிறைப்பட்டுக் கிடந்தது. அமெரிக்காவில் ஹில்லபிராண்ட் அந்தக் கனிமத்தை அமிலத்தில் கொதிக்கவைத்தபோது வெளியே வந்தது. நைட்ரஜன் என்று எழுதிவிட்டு அவர் நகர்ந்துவிட்டார். 1895 மார்ச்சில் ராம்சே ஆர்கானைத் தேடி அதே வேலையைச் செய்தார். குழாயில் வேறொரு மஞ்சள் கோடு தெரிந்தது. குரூக்ஸ் அளந்து பார்த்தார். சூரியனின் கோடேதான்.

இன்று எம்.ஆர்.ஐ. காந்தங்களை மைனஸ் 269 டிகிரியில் வைத்திருப்பது அந்த வாயுதான், திரவமாக. ராம்சேயின் குழாயில் எரிந்த கோட்டை லாக்யர் தன் கண்ணால் பார்த்தார். போக்சன் 1891-லேயே சென்னையில் இறந்துவிட்டார்.