205/55 ஆர்16 பிறந்த கதை

ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா போன்ற கார்கள் தெருவில் நின்றால் டயரின் பக்கவாட்டைக் குனிந்து பாருங்கள். பெரும்பாலும் 205/55 ஆர்16 என்று இருக்கும். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அலுவலகம் போகிற குடும்பக் கார்களின் அளவு இது. ஐரோப்பாவில் அதிகம் விற்கும் கார் டயர் அளவுகளிலும் இது ஒன்று. ஆனால் எழுபதுகளின் இறுதியில் இதே டயர் போர்ஷே 911 டர்போவின் முன்சக்கரத்தில் இருந்தது. கை தேர்ந்த ஓட்டுநரே பயந்து பயந்து ஓட்டிய கார் அது.

முதலில் எண்களைப் படித்துவிடுவோம். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 55 சதவீதம் என்று பொருள். ஆர் என்றால் ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். சக்கரத்தின் மொத்த விட்டத்தைச் சொல்லும் நான்காவது எண் ஒன்று டயரில் எழுதப்படுவதில்லை. கணக்குப் போட்டால் சுமார் 632 மில்லிமீட்டர் வரும். மற்ற மூன்று எண்களும் இந்த எழுதாத எண்ணுக்குக் கட்டுப்பட்டே பிறந்தன.

பழைய டயரின் குறுக்குவெட்டு ஏறக்குறைய வட்டம். உயரமும் அகலமும் ஒன்றுபோல இருந்ததால் 6.00-16 என்று இரண்டே எண்கள் போதும்: அகலம் ஆறு அங்குலம், ரிம் பதினாறு அங்குலம். அந்த டயருக்குள் நூல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக ஓடும். பக்கச்சுவரும் தரையைத் தொடும் பகுதியும் ஒரே பின்னல். வளைவில் சுவர் சாய்ந்தால் தரைப்பகுதியும் கூடவே சாய்ந்து, ஒரு ஓரம் தூக்கிக்கொள்ளும்.

பிரான்சின் மிஷெலின் நிறுவனம் 1946-இல் இந்தப் பின்னலைப் பிரித்தது. அங்கே மரியுஸ் மிஞோல் உருவாக்கிய டயரில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடின. தரைப்பகுதிக்கு அடியில் மட்டும் எஃகுக் கம்பிகளால் ஒரு பட்டை சுற்றினார்கள். சுவர் தன்பாட்டுக்கு வளைந்து கொடுக்கும், தரைப்பகுதி தட்டையாகவே கிடக்கும். 1949-இல் 'எக்ஸ்' என்ற பெயரில் கடைக்கு வந்த இந்த ரேடியல், டயரின் இரண்டு பகுதிகளுக்கும் வெவ்வேறு வேலை கொடுத்தது. சுவரைத் தனியாகக் குட்டையாக்கலாம் என்ற வழி அப்போதுதான் திறந்தது. ஆனாலும் வெகுநாள் யாரும் அதில் போகவில்லை. சுவர் உயரம் 82 சதவீதத்திலேயே நின்றதால் அதை எழுத வேண்டிய தேவைகூட இல்லை.

1964-இல் உற்பத்திக்கு வந்த போர்ஷே 911-உம் அப்படித்தான், பதினைந்து அங்குல ரிம்மில் 165 டயரோடு புறப்பட்டது. அதன் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் பின்சக்கரங்களின் தலையில். வேகமாக ஒரு வளைவுக்குள் போய், பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வால் வெளியே வீசும். போர்ஷே முன் பம்பருக்குள் எடைக்கட்டி வைத்துப் பார்த்தது. 1969 மாடலில் அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை 57 மில்லிமீட்டர் கூட்டியது. கடைசியில் வைத்தியம் டயருக்கு வந்தது.

1973-இன் கரேரா ஆர்எஸ் 2.7 காரில் முன்னே 185/70, பின்னே 215/60. ரிம்மின் அகலம் முன்னே ஆறு அங்குலம், பின்னே ஏழு. விட்டம் நான்குக்கும் பதினைந்தே. பாரம் அதிகமுள்ள இடத்தில் அகல டயர் என்ற ஏற்பாடு இது. மொத்த விட்டம் முன்னே 640, பின்னே 639. அகலம் 30 மில்லிமீட்டர் கூடியும் உயரம் ஒரு மில்லிமீட்டர்தான் மாறியிருக்கிறது. சுவரின் சதவீதத்தை எழுபதிலிருந்து அறுபதுக்கு இறக்கியதால் கிடைத்த சமநிலை அது.

அடுத்த அடி இத்தாலியில் விழுந்தது. லான்சியா ஸ்ட்ராடோஸ் என்ற ராலி காருக்காக உழைத்துக்கொண்டிருந்த பிரெல்லி, பி7 என்ற டயரைக் கொண்டுவந்தது. சுவர் உயரம் ஐம்பது சதவீதம்தான். இவ்வளவு அகலமான எஃகுப் பட்டை மிகுந்த வேகத்தில் சுழலும்போது ஓரங்கள் வெளியே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். அதைத் தடுக்கப் பட்டையின் மேல் நைலான் நூலைச் சுற்றளவு நெடுகச் சுற்றினார்கள். நைலானுக்குச் சூடானால் சுருங்கும் குணம் உண்டு. டயர் சூடேற ஏற அந்தச் சுற்று இறுகும்.

1975-இல் விற்பனைக்கு வந்த 911 டர்போவுக்கு இந்த பி7 விருப்பத் தேர்வாகக் கிடைத்தது: முன்னே 205/50, பின்னே 225/50, ரிம் அதே பதினைந்து. பிடிப்பு கூடியது, கணக்கு கெட்டது. பின்சக்கரத்தின் விட்டம் 639-இலிருந்து 606 ஆனது, முன்சக்கரம் 586-க்கே இறங்கியது. பின்சக்கரம் ஐந்து சதவீதம் சிறுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் கார் கடக்கும் தூரமும் அதே அளவு குறையும். அதே வேகத்துக்கு எஞ்சின் கூடுதலாகச் சுழல வேண்டும், காரும் தரையை நோக்கித் தாழும்.

தீர்வு எளிது: டயர் இழந்த உயரத்தை ரிம் ஈடுகட்டட்டும். எழுபதுகள் முடிவதற்குள் டர்போவுக்குப் பதினாறு அங்குல ரிம் வந்தது. பின்னே 225/50 ஆர்16, மொத்தம் 631. முன்னே சதவீதத்தை ஐந்து கூட்டி 205/55 ஆர்16, மொத்தம் 632. இன்றைய குடும்பக் காரின் டயர் அளவு ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் முன்பின் சமநிலைக் கணக்கில் கிடைத்த விடை. 1978-இல் எஞ்சின் 3.3 லிட்டராகி 300 குதிரைத்திறனைத் தொட்டபோது, 917 பந்தயக் காரின் வழிவந்த பெரிய பிரேக்குகளைப் பொருத்தவும் அந்தப் பெரிய ரிம்முக்குள் இடம் இருந்தது.

அகல டயர் என்றால் தரையில் அதிக ரப்பர் படும் என்று பலரும் நினைக்கிறார்கள். தரையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை சக்கரத்தின் மேல் உள்ள பாரமும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும்தான். அகலம் கூடும்போது பரப்பு பெரிதாக வளர்வதில்லை, வடிவம் மாறுகிறது. நீளவாக்கில் கிடந்த தடம் குறுக்குவாக்கில் படுக்கிறது. அந்த வடிவம் வளைவில் குறைவாக வழுக்கும். குட்டைச் சுவர் தரும் லாபம் வேறு. உயரமான குதிகால் செருப்போடு ஓடித் திரும்புகிறவருக்கும் வெறுங்காலில் திரும்புகிறவருக்கும் உள்ள வித்தியாசம் அது. ஸ்டீயரிங்கைத் திருப்பிய நொடியே கார் திரும்பும்.

அகல டயர், குட்டைச் சுவர் என்ற போக்கை எல்லை வரை கொண்டுபோனது லம்போர்கினி. 1978-இன் கவுன்டாச் எல்பி400 எஸ் பின்சக்கரத்தில் 345/35 ஆர்15 பி7 போட்டது. பார்த்தவர்கள் வாய்பிளந்தார்கள். ஆனால் அகன்ற டயரும் அதை மூட விரித்த சக்கர வளைவும் காற்றை முட்டின. மெலிந்த டயரோடு இருந்த முந்தைய கவுன்டாச்சைவிட இதன் உச்ச வேகம் குறைந்துபோனது.

அகலம் மில்லிமீட்டரில், ரிம் அங்குலத்தில் என்ற கலப்படத்தை ஒழிக்கவும் ஒரு முயற்சி நடந்தது. மிஷெலின் 1975-இல் டிஆர்எக்ஸ் என்ற டயரையும் அதற்கென்றே விளிம்பு மாற்றிய 390 மில்லிமீட்டர் போன்ற ரிம்களையும் கொண்டுவந்தது. பிஎம்டபிள்யூ, ஃபெராரி, ஃபோர்டு மஸ்டாங் எல்லாம் பொருத்திப் பார்த்தன. டயர் நல்ல டயர்தான். ஆனால் அந்த ரிம்மில் வேறு டயர் ஏறாது, வேறு ரிம்மில் அந்த டயர் உட்காராது. 2005-இல் புகாட்டி வேய்ரோனும் மிஷெலினின் பாக்ஸ் முறையில் மில்லிமீட்டர் ரிம்மோடு வந்தது. அதன் வாரிசான ஷிரோன் மறுபடி இருபது, இருபத்தோரு அங்குலத்துக்கே திரும்பிவிட்டது. டயர் கடைக்குப் போனால் நாலு கம்பெனி டயர் எடுத்துக் காட்ட வேண்டும். அது முடியாத அளவு எவ்வளவு புத்திசாலித்தனமானதாக இருந்தாலும் நிலைக்காது.

போர்ஷே கண்ட வழி மட்டும் ஊர்க் கார்களுக்கெல்லாம் பரவியது. ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் வரிசையில் புழங்கிய அளவுகளை அடுக்கிப் பாருங்கள்: 195/65 ஆர்15, 205/55 ஆர்16, 225/45 ஆர்17, 225/40 ஆர்18. மொத்த விட்டம் முறையே 635, 632, 634, 637. ஒரு சதவீதத்துக்குள் எல்லாம் அடங்கிவிடுகின்றன. மாறுவது பக்கச்சுவர்தான்: 127 மில்லிமீட்டரில் தொடங்கி 90-க்கு வந்துவிடுகிறது.

பெரிய அலாய் போட ஆசைப்படுகிறவர் பார்க்க வேண்டிய இடம் அந்தச் சுவர். பள்ளத்தில் இறங்கும்போது ரிம்மைக் காப்பது அதுதான். பொதுவாக ரிம் பெரிதாகப் பெரிதாகச் சக்கரத்தின் எடையும் கூடும், கூடிய எடையைத் தூக்கி இறக்குவது சஸ்பென்ஷன், சுழற்றுவது எஞ்சின். அதனால் தேர்வைப் பிரேக்கிலிருந்து தொடங்குவது நல்லது. பிரேக்குக்கு இடம் விடுகிற மிகச் சிறிய ரிம் எது என்று பாருங்கள். அந்த ரிம்மின் அகலம் தாங்கும் டயர் எது என்று அடுத்துப் பாருங்கள். 205/55-க்கு ஐந்தரை முதல் ஏழரை அங்குலம் வரை. பாரக் குறியீடு கம்பெனி கொடுத்ததைவிடக் குறையக்கூடாது. இந்த அளவில் பரவலாக வரும் 91 என்ற குறியீடு ஒரு டயர் 615 கிலோ சுமக்கும் என்கிறது. கடைசியாக மொத்த விட்டத்தைக் கூட்டிப் பாருங்கள். பழைய விட்டத்திலிருந்து மூன்று சதவீதத்துக்கு மேல் விலகினால் ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகத்தை நம்ப முடியாது, ஃபென்டரில் டயர் உரசவும் வாய்ப்புண்டு. அந்தக் கணக்கில் தேறாத சக்கரம் கடைக் கண்ணாடிக்குள் எவ்வளவு அழகாக மின்னினாலும் உங்கள் காருக்கானது அல்ல.