ஷாங்-சியின் பழைய அப்பா

2021இல் வந்த ஷாங்-சி படத்தை உங்களில் பலர் பிள்ளைகளோடு பார்த்திருப்பீர்கள். அதில் டோனி லியுங் நடித்த அப்பா வென்வூ புதியவர். நான் பேச வந்தது பழைய அப்பாவைப் பற்றி.

1973இல் ஸ்டீவ் எங்கல்ஹார்ட்டும் ஜிம் ஸ்டார்லினும் மார்வலுக்காக ஷாங்-சியை உருவாக்கியபோது, அவனை ஃபூ மான்சூவின் மகனாக்கினார்கள். ஃபூ மான்சூ, சாக்ஸ் ரோமர் என்ற ஆங்கிலேயர் 1912இல் எழுதத் தொடங்கிய கதைகளின் வில்லன். சீனர்கள் மீது வெள்ளையருக்கு இருந்த அச்சமெல்லாம் திரண்ட உருவம். அவனுடைய அடியாட்களில் இந்தியத் தக்கர்களும் பர்மியக் கொள்ளையரும் உண்டு. நம் பக்கத்து ஆட்களையும் ரோமர் விட்டுவைக்கவில்லை!

முதல் கதையில், அப்பா சொல்லை நம்பி ஒருவரைக் கொல்லப் போகிறான் ஷாங்-சி. பிறகுதான் அப்பா யாரென்று தெரியவருகிறது. சொல்பவர் நேலண்ட் ஸ்மித், பர்மாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரி. மகன் அப்பாவைத் துறந்து பிரிட்டிஷ் உளவுத்துறையோடு சேர்ந்துகொள்கிறான். எனக்கு உறுத்தும் இடம் இதுதான். அப்பாவின் குற்றங்களைத் துருவும் மகன், அப்படியோர் அப்பாவை எழுதிய கை யாருடையது என்று கேட்பதே இல்லை.

உரிமம் கைவிட்டுப் போனதால் பின்னாளில் மார்வல் அந்தப் பெயரை மாற்றியது. அது சட்டச் சிக்கலுக்காக. படத்தில்தான் கணக்கு வேறு: அமெரிக்கன் ஒருவன் தனக்குச் சூட்டிய பொய்ப்பெயரை வென்வூ சாப்பாட்டு மேசையில் வைத்தே கேலி செய்கிறார்.