சீமூர் கீட்டி: பெற்றவர்களா, வளர்த்தவர்களா?

மனச்சிதைவு நோய் (ஸ்கிட்சோஃப்ரினியா) ஏன் வருகிறது? 1948 வாக்கில் அமெரிக்க மனநல மருத்துவர்கள் பலரும் அம்மாவைத்தான் கைகாட்டினார்கள். தாயின் வளர்ப்பே பிள்ளையை நோயில் தள்ளுகிறது என்று ஃப்ரீடா ஃப்ராம்-ரைக்மான் எழுதியது அந்த வருடம்தான். பிள்ளைக்கு நோய், பழி தாய்க்கு. "இது பரம்பரை" என்று சொல்லவும் பலருக்குத் தயக்கம். 1933-ல் ஹிட்லர் அரசு கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தில் இந்த நோயும் இருந்தது. அந்தச் சட்டத்துக்குத் துணைநின்ற எர்ன்ஸ்ட் ரூடின் ஒரு மனநல மரபியல் ஆராய்ச்சியாளர்.

இந்தச் சிக்கலுக்குள் நுழைந்தவர் பிலடெல்பியாக்காரரான சீமூர் கீட்டி (1915–2000). இவர் ஆரம்பித்தது மரபியலில் இல்லை, ரத்த ஓட்டத்தில். ஒருவரைக் கொஞ்ச நேரம் நைட்ரஸ் ஆக்சைடு கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, மூளைக்குப் போகும் ரத்தத்திலும் திரும்பி வரும் ரத்தத்திலும் அந்த வாயு எவ்வளவு என்று அளந்தால், மூளையின் ரத்த ஓட்டத்தைக் கணக்கிடலாம். கார்ல் ஷ்மிட்டுடன் சேர்ந்து 1940-களில் இவர் உருவாக்கிய முறை இது. விழித்திருக்கும் மனிதனின் மூளை எவ்வளவு ஆக்சிஜன் செலவழிக்கிறது என்று அளக்க முடிந்தது இதனால்தான்.

அதே கருவியை மனச்சிதைவு நோயாளிகளிடமும் வைத்துப் பார்த்தார். வித்தியாசமே இல்லை! இன்னொருவராக இருந்தால் அந்த முடிவை மேசைக்குள் போட்டுப் பூட்டியிருப்பார். கீட்டி அதை 1948-ல் வெளியிட்டார்.

1951-ல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் முதல் அறிவியல் இயக்குநர் ஆனார். சில வருடங்களில் அந்தப் பதவியை விட்டு இறங்கி ஆய்வகத்துக்கே திரும்பிவிட்டார். உடலில் அட்ரினலின் தவறாகச் சிதைவதால்தான் இந்த நோய் வருகிறது என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. அதைச் சோதிக்க கதிரியக்க அட்ரினலின் தயாரிக்கச் சொல்லி வாங்கினார். கருதுகோள் தேறவில்லை. ஆனால் அதில் கொஞ்சத்தை வாங்கிக்கொண்ட ஜூலியஸ் ஆக்சல்ராட், நரம்பு முனைகள் நாரட்ரினலினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதைக் கண்டுபிடித்து 1970-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சரி, பரம்பரைக் கேள்விக்கு வருவோம். நோய் குடும்பத்தில் ஓடுகிறது என்பது மட்டும் ஒன்றையும் நிரூபிக்காது. பெற்றோர் மரபணுவையும் தருகிறார்கள், வீட்டையும் தருகிறார்கள். ஒரே நேரத்துல ரெண்டு விஷயத்தை மாத்திட்டு ப்ரோகிராம் உடைஞ்சா, எது காரணம்னு எந்த இன்ஜினியரும் சொல்ல முடியாது. ரெண்டையும் பிரிக்கணும். அதை வாழ்க்கையே பிரித்து வைத்திருக்கும் இடம் தத்தெடுப்பு.

டென்மார்க்கில் தத்தெடுப்பு, குடியிருப்பு, மனநலச் சிகிச்சை மூன்றுக்கும் பதிவேடுகள் உண்டு. டேவிட் ரோசந்தால், பால் வெண்டர், ஃபினி ஷுல்சிங்கர் ஆகியோருடன் கீட்டி அங்கே போனார். கோபன்ஹேகனில் 1924–47 காலத்தில் உறவல்லாத குடும்பங்களுக்குத் தத்துப்போன 5,483 பேரில் இந்த நோய் வந்த 33 பேரை எடுத்தார்கள். ஒப்பிட, நோயில்லாத 33 தத்துப்பிள்ளைகள். யாருடைய உறவினர் என்று தெரியாதபடி மறைத்த பிறகே உறவினர்களின் மருத்துவக் குறிப்புகளை மதிப்பிட்டார்கள்.

1968-ல் முடிவு வந்தது. நோயுற்றவர்களின் ரத்த உறவினர் 150 பேரில் 13 பேருக்கு மனச்சிதைவு வகை நோய்கள். மற்றவர்களின் ரத்த உறவினர் 156 பேரில் 3 பேருக்குத்தான். வளர்த்த குடும்பங்களுக்கிடையே அப்படி வித்தியாசம் எதுவும் இல்லை.

எண்கள் சிறியவை, இல்லையா? லேசான கோளாறுகளையும் "மனச்சிதைவு வகை" என்று சேர்த்துவிட்டார்கள் என்று 1984-ல் லெவோன்டின், ரோஸ், கமின் மூவரும் கடுமையாகச் சாடினார்கள். நியாயமான கேள்விதான். கீட்டி குழு ஆய்வை டென்மார்க் முழுவதற்கும் விரித்து, 1994-ல் முடிவை வெளியிட்டது. போக்கு மாறவில்லை.

இதற்காக மரபணுதான் எல்லாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே மாதிரி இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தும் மற்றவர் தப்பிப்பது சர்வ சாதாரணம். சூழலுக்கும் பங்கு உண்டு என்பதை கீட்டியும் மறுக்கவில்லை.

2014-ல் ஒரு பன்னாட்டு ஆய்வு இந்த நோயோடு தொடர்புள்ள 108 மரபணு இடங்களை அடையாளம் காட்டியது. அதைப் பார்க்க கீட்டி இல்லை. ஆனால் ஒரு நோயாளியின் அம்மாவிடம் "உன் வளர்ப்புதான் காரணம்" என்று டாக்டர் சொல்வதற்கு ஆதாரம் இல்லை என்பது, ஜீன்களைப் படிக்கும் இயந்திரம் எதுவும் வருவதற்கு முன்பே, பழைய பதிவேடுகளைப் புரட்டியே தெரிந்துவிட்டது.