அடுப்பும் ஆலையும்: கோலசிலாங்கூர், வட சிலாங்கூர்த் தோட்டங்களில் வீட்டு எரிபொருளின் வரலாறு

முன்னுரை

மலேசியத் தோட்டத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் பால்மரத்தை மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. கங்காணி முறை, கூலி, வேலைநிறுத்தம், தோட்டத் துண்டாடல், தமிழ்ப்பள்ளி ஆகியன குறித்து ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. ஆயினும், பால்வெட்டுக்குப் புறப்படும் முன் லயத்து அடுப்பங்கரையில் மூட்டப்பட்ட தீ எதனால் எரிந்தது, அந்த எரிபொருள் யாருக்கு உரியதாக இருந்தது என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்பட்டுள்ளன.

குளிர்நாடுகளில் வீட்டு எரிபொருள் என்பது முதன்மையாக அறைகளைச் சூடேற்றுவதற்கு உரியது. நம் நாட்டில் அத்தேவை இல்லை. இங்கே வீட்டு வெப்பம் என்பது சோறாக்கும் அடுப்பும், பிள்ளை பெற்றவளுக்கும் நோயாளிக்கும் வைக்கும் வெந்நீருமே ஆகும். விறகு, மண்ணெண்ணெய், எரிவாயு என மாறிவந்த இவ்வெப்பத்தின் வரலாற்றையும், இதே வட்டாரத்தில் உருவாகும் உயிரி எரிவாயு அதில் இடம்பெறாமல் போனதன் காரணங்களையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

விறகுக் காலம்

சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய நிலப்பகுதி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்களாக உருப்பெற்றது. பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி ஃபொக்கோனியே 1905இல் மலாயாவுக்கு வந்து, ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் அமைத்தார். இவரே பின்னாளில் ‘மலேசி’ என்னும் நாவலுக்காக 1930ஆம் ஆண்டின் கோன்கூர் பரிசைப் பெற்றவர். இத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியாகவே வந்தனர். உதவிபெற்ற குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் தடைசெய்யும் வரை இந்நிலை நீடித்தது.

தொழிலாளர் குடியிருந்த லயங்கள் தோட்ட நிர்வாகத்தின் உடைமையாகும். வேலை போனால் வீடும் போகும். அடுப்புக்குரிய விறகோ அவர்களைச் சுற்றியே கிடந்தது. முற்றிய ரப்பர் மரங்களை ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை வீழ்த்தி மறுநடவு செய்வது வழக்கம். வீழ்த்திய மரத்தின் ஒரு பகுதி ரப்பர்த் தகடுகளைப் புகையூட்டி உலர்த்தும் புகைக்கூடத்திற்குச் சென்றது. காய்ந்து விழுந்த கிளைகள் தொழிலாளர் வீட்டு அடுப்புக்கு வந்தன. அக்காலத்தில் ரப்பர் மரக்கட்டைக்குச் சந்தை மதிப்பு இன்மையால், நிர்வாகத்திற்கு அது கழிவாகவும் தொழிலாளிக்கு எரிபொருளாகவும் அமைந்தது.

விலையின்றிக் கிடைத்தாலும் விறகு உழைப்பின்றிக் கிடைக்கவில்லை. பாலெடுத்துத் திரும்பிய பெண்கள் மீண்டும் காட்டுக்குள் சென்று சுள்ளி பொறுக்கித் தலைச்சுமையாகக் கொணர்ந்தனர். மழைக்காலத்தில் ஈரவிறகை ஊதாங்குழலால் ஊதி எரிக்க வேண்டியிருந்தது. கூலிப் பட்டியலில் இடம்பெறாத இந்த உழைப்பும், கண்ணையும் நெஞ்சையும் பாதித்த புகையும் பெண்களுக்கே உரியவையாயின. வீட்டினுள் சூழும் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் மாண்டதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. எனவே, விறகுக் காலத்தைப் பொற்காலமாகக் கொள்வதற்கில்லை.

செம்பனையும் எரிபொருள் மாற்றமும்

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் ஃபொக்கோனியேவால் தென்னமரம் தோட்டத்தில் உருவாக்கப்பட்டது. அத்தோட்டம் 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றப்பெற்ற பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் அமைந்துள்ளது. நாட்டின் செம்பனைத் தொழில் தோன்றிய இடம் தமிழில் தென்னையின் பெயரைத் தாங்கி நிற்பது கருதத்தக்கது.

1960களுக்குப் பின்னர் ரப்பரின் இடத்தைச் செம்பனை விரைவாகப் பிடித்தது. இம்மாற்றம் பயிர் மாற்றமாக மட்டும் அமையவில்லை. அடுப்பையும் அது மாற்றியது. செம்பனை மட்டை நல்ல விறகாகாது. குலையிலிருந்து கிடைக்கும் நாரும் கொட்டையின் ஓடும் ஆலையின் கொதிகலனுக்கே எரிபொருளாயின. 1980களிலிருந்து ரப்பர் மரக்கட்டை தளவாட ஏற்றுமதிக்குரிய மூலப்பொருளாகி விலை பெற்றது. இவ்வாறு தொழிலாளி பொறுக்கி எடுத்த கழிவு இரு பயிர்களிலும் நிறுவனத்தின் சரக்காக மாறியது. மண்ணெண்ணெய் அடுப்பும், அதன்பின் எரிவாயுத் தோம்பும் லயங்களுக்குள் நுழைந்தன.

எரிவாயு புகையிலிருந்தும் சுள்ளிச் சுமையிலிருந்தும் பெண்களை விடுவித்தது. எனினும், அதுவரை காசில்லாமல் எரிந்த அடுப்பு மாதச் செலவுக் கணக்கில் சேர்ந்தது. வீட்டுப் பயன்பாட்டுக்குரிய எரிவாயுவுக்கு அரசு உதவித்தொகை வழங்கி, கிலோவுக்கு 1 ரிங்கிட் 90 காசு என்னும் அளவில் விலையைக் கட்டுப்படுத்தியதால் ஏழைக் குடும்பங்கள் இச்சுமையைத் தாங்க முடிந்தது. அவ்விலையில் 14 கிலோ தோம்பு 26 ரிங்கிட் 60 காசாகும்.

சாண எரிவாயு ஏன் வேரூன்றவில்லை?

தோட்டத் தமிழருள் பலர் மாடு வளர்த்தனர். இந்தியாவில் சாண எரிவாயுக் கலன்கள் கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் வழியாக 1960களில் பரவத் தொடங்கின. 1981-82இல் அதற்கெனத் தேசியத் திட்டமும் தொடங்கப்பெற்றது. நான்கைந்து மாடுகளின் சாணம் ஒரு சிறு குடும்பத்தின் அடுப்புக்குப் போதுமானதாகும். அவ்வாறிருந்தும் இம்முறை நம் தோட்டங்களில் வேரூன்றாமைக்கு மூன்று காரணங்களைக் கருதலாம்.

முதலாவது, நிலவுரிமை. சாணக் கலனுக்கு நிலத்தைத் தோண்டிக் கட்டுமானம் எழுப்ப வேண்டும். அடுத்த ஆண்டு தனக்கு உரியதாக இருக்குமா என்று அறியாத லயத்தின் பின்புறத்தில் எவரும் அதனைக் கட்டத் துணியார். இரண்டாவது, மேய்ச்சல் முறை. மாடுகள் தோட்டத்துள் பரவலாக மேய்ந்தமையால் சாணம் ஓரிடத்தில் சேரவில்லை. மூன்றாவது, மலிவான தோம்பு. உதவித்தொகை பெற்ற எரிவாயு எளிதில் கிடைத்தபோது மாற்றுவழியைத் தேடும் தேவை குறைந்தது. இம்மூன்றனுள் முதற்காரணமே அடிப்படையானது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஆலைக் கழிவுநீரும் உயிரி எரிவாயுவும்

செம்பனை ஆலையின் கழிவுநீர் எரிவாயுவுக்குரிய வளமான மூலமாகும். ஒரு டன் கச்சா எண்ணெய் எடுக்கும்போது ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டன் கழிவுநீர் வெளியேறுகின்றது. இது முன்னர் ஆறுகளைப் பெரிதும் மாசுபடுத்தியது. 1977ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகள் அதன் மாசு அளவுக்குப் படிப்படியாக வரம்பு விதித்தன. அதன் விளைவாக ஆலைகள் கழிவுநீரைத் திறந்த குளங்களில் தேக்கி நொதிக்கச் செய்தன. ஆறு ஓரளவு காக்கப்பட்டது. ஆனால் குளத்தில் உருவான மீத்தேன் வானில் கலந்தது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு புவியை வெப்பமாக்க வல்லது.

அந்த வாயுவை மூடிய கலனில் பிடித்துப் பயன்படுத்தும் முயற்சி நாட்டில் தொடங்கிய காலத்திலேயே இவ்வட்டாரமும் அதில் இடம்பெற்றது. 1984இல் கோலதிரங்கானுவில் நடைபெற்ற ஆசியான் உயிரி எரிவாயுப் பட்டறையில் தென்னமரம் எரிவாயுத் திட்டம் குறித்த அறிக்கை படைக்கப்பட்டது. நாட்டின் முதல் வணிகச் செம்பனையைக் கண்ட தோட்டமே அதன் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுப்பதிலும் முன்னோடிகளுள் ஒன்றாயிற்று.

இதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2015இல், உலு சிலாங்கூரின் சுங்கை தெங்கி செம்பனை ஆலையில் மற்றொரு முயற்சி மேற்கொள்ளப்பட்டது. கழிவுநீர் வாயுவைத் தூய்மைப்படுத்தி, உயர் அழுத்தத்தில் அடைத்து, ஊர்திகளில் ஏற்றித் தொழிற்சாலைகளுக்கு விற்கும் நிலையம் அங்கே திறக்கப்பட்டது. அருகிலுள்ள புக்கிட் தாகாரிலோ மூலப்பொருள் வேறு. அங்கே 2005 முதல் கோலாலம்பூரின் குப்பை நிலத்தில் நிரப்பப்பட்டு வருகின்றது. அதிலிருந்து எழும் வாயுவைக் கொண்டு மின்சாரம் எடுக்கப்படுகின்றது.

இவ்வாயுவின் அளவை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். நூறு டன் செம்பனைக் குலையை ஆட்டினால் ஏறத்தாழ 65 கன மீட்டர் கழிவுநீர் கிடைக்கும். ஒரு கன மீட்டர் கழிவுநீர் ஏறத்தாழ 28 கன மீட்டர் வாயுவைத் தரும். அதில் ஐந்தில் மூன்று பங்கு மீத்தேன். அதன் வெப்ப ஆற்றல் 14 கிலோ எடையுள்ள 50க்கும் மேற்பட்ட எரிவாயுத் தோம்புகளுக்கு இணையாகும். ஒரு நாளில் பல நூறு டன் குலையை ஆட்டும் ஆலை, தன்னைச் சுற்றியுள்ள குடியிருப்புகளின் அடுப்புத் தேவையைவிடப் பன்மடங்கு வாயுவை உருவாக்குகின்றது.

ஆயினும் அவ்வாயு லயத்து அடுப்புக்கு வரவில்லை. இதற்குப் பொருளியல் காரணங்கள் உண்டு. வாயுவைத் தூய்மைப்படுத்தும் கருவிகள் விலை மிக்கவை. சில நூறு வீடுகளுக்குக் குழாய் பதிப்பது கட்டுப்படியாகாது. உதவித்தொகை பெற்ற தோம்புடன் அது விலையில் போட்டியிடவும் இயலாது. 2011ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் மின்சாரத்திற்கு உறுதியான விலையை அளித்ததால் ஆலைகளின் நாட்டமும் மின்சாரத்தின்பாலே சென்றது. ஐரோப்பாவில் நிலைமை வேறு. இங்கிலாந்தின் டிட்கோட் நகரில் 2010இல் கழிவுநீர் வாயு வீட்டுக் குழாய்களில் முதன்முறையாகச் செலுத்தப்பட்டது. டென்மார்க்கில் குழாய்வழி எரிவாயுவில் ஏறத்தாழ 40 விழுக்காடு உயிரி எரிவாயுவாக உயர்ந்துள்ளது. அங்கெல்லாம் எரிவாயுக் குழாய் முன்னரே பதிக்கப்பட்டிருந்தது. இங்கே அந்தக் குழாயும் இல்லை. பல குடும்பங்களுக்கு அக்குழாயை இணைப்பதற்கு உரிமையான வீடும் இல்லை.

புக்கிட் தாகார், மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த முன்னாள் தொழிலாளர்களின் வரலாறு இதற்குச் சான்றாகும். சொந்த வீட்டுக்காக அவர்கள் பல ஆண்டுகள் போராடினர். அவர்களுக்கு வீடமைக்கும் திட்டம் 2023இல்தான் அரசால் முன்னெடுக்கப்பட்டது. நிலத்தடிக் குப்பையின் வாயுவுக்குக்கூட ஒப்பந்தமும் விலையும் அமைந்துவிட்ட வட்டாரத்தில், அந்நிலத்தில் தலைமுறைகளாக உழைத்தவர்களின் வீட்டுரிமை அதனினும் தாமதமாகவே கனிந்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், ஓர் உண்மை புலனாகும். இவ்வட்டாரத்தில் எரிபொருள் ஒருபோதும் பற்றாக்குறையாக இருந்ததில்லை. மதிப்பற்றிருந்த வரை அது தொழிலாளிக்குக் கிடைத்தது; மதிப்புப் பெற்றதும் உடைமையாளருக்கு உரியதாயிற்று. ரப்பர் விறகுக்கும் செம்பனை ஓட்டுக்கும் கழிவுநீர் வாயுவுக்கும் இவ்விதி பொருந்துகின்றது. எனவே, புதுப்பிக்கத்தக்க எரிவாயு பற்றிய விவாதத்தைத் தொழில்நுட்பத்தோடு நிறுத்திவிடலாகாது. நிலம், வீடு ஆகியவற்றின் உரிமையோடு இணைத்தே அதனை ஆராய வேண்டும். ஆலைகளுக்கு அருகே புதிய தொழிலாளர் குடியிருப்புகள் திட்டமிடப்படும்போதே பொதுச் சமையற்கூடத்திற்கோ வெந்நீர் வசதிக்கோ ஆலை வாயுவில் ஒரு பங்கை ஒதுக்குவது ஆராயத்தக்க வழியாகும்.

தமிழாசிரியர்களுக்கும் இதில் ஒரு பணி உண்டு. அடுப்பங்கரையின் வரலாறு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் பதிவாவதில்லை. அது ஊதாங்குழல், புகைக்கூடம், சுள்ளிக்கட்டு முதலிய சொற்களிலும், அவற்றைக் கையாண்ட மூதாட்டியரின் நினைவிலும் மட்டுமே எஞ்சியுள்ளது. கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர் மாவட்டத் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் தத்தம் பாட்டியரிடம் ‘உங்கள் வீட்டு அடுப்பு எதனால் எரிந்தது?’ என்று வினவி எழுதிவரச் செய்தால், அவ்வேடுகளே இத்துறையின் முதன்மைச் சான்றுகளாக அமையும். அம்மூதாட்டியர் நம்மிடையே இருக்கும்போதே இப்பணி தொடங்கப்பெறுதல் வேண்டும்.