வானூர்தி இரைச்சலும் மருத்துவமனைக் கட்டடமும்: கூரையிலிருந்து தொடங்க வேண்டிய வடிவமைப்பு

நோயாளியின் உறக்கமும் சிகிச்சையின் ஒரு பகுதியே. செவிலியம் குறித்து 1859இல் எழுதிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், இரைச்சலுக்கென ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கினார். ஓயாமல் கேட்கும் ஒலியைவிட, விட்டுவிட்டுத் திடீரென எழும் ஒலியே நோயாளியை மிகுதியாக வருத்தும் என்பது அவர் கண்ட உண்மை. வானூர்தியின் ஒலி இத்தகையதே.

இந்தியாவில் நடைமுறையிலுள்ள இரண்டு தரங்கள் இங்கே மோதுகின்றன. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்க 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் வழிசெய்கின்றன. அங்கே இரவு வரம்பு 40 டெசிபல். 2018இல் வந்த விமான நிலைய ஒலி மண்டலத் தரமோ, போக்குவரத்து மிகுந்த நிலையங்களின் சுற்றுப்புறத்தில் இரவில் 65 டெசிபல் வரை அனுமதிக்கிறது. இந்த 25 டெசிபல் இடைவெளி, ஒலியாற்றலில் முந்நூறு மடங்குக்கும் மேல். நோயாளர் அறைக்குள் இரவுச் சராசரி 30, உச்சம் 40 டெசிபலைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஆக, சட்டம் விட்டுவைத்த சுமையைச் சுவரும் கூரையும்தான் தாங்கியாக வேண்டும்.

அந்தச் சுமையைச் சராசரி மறைத்துவிடுகிறது. கால் மணிக்கு ஒரு விமானம், ஒவ்வொன்றும் 20 விநாடி, 80 டெசிபல் என்று கொள்வோம். பிற ஒலிகளை ஒதுக்கினால் சராசரி 63.5 டெசிபல், வரம்பு மீறப்படவில்லை. ஆனால் அறைக்குள் உச்சத்தை 40இல் நிறுத்தக் கட்டடம் 40 டெசிபலைத் தடுக்க வேண்டும். திறந்த சன்னல் தடுப்பதோ 10 முதல் 15 வரைதான். எனவே வடிவமைப்புக்கு அடிப்படையாக வேண்டியது ஒவ்வொரு விமானமும் எழுப்பும் உச்ச ஒலி.

தடுப்பின் வலிமை அதன் பலவீனமான இடத்தைப் பொறுத்தது. 50 டெசிபல் தடுக்கும் சுவரில் நூற்றில் ஒரு பங்கு பரப்பு திறந்திருந்தாலே மொத்தத் தடுப்பு 20 டெசிபலாகச் சரியும். சாலை இரைச்சலுக்கு உதவும் மதில், தலைக்கு மேலிருந்து வரும் ஒலிக்குப் பயன்படாது. மேல்மாடி வார்டுக்குத் தகரக்கூரை போதாது. கனமான கான்கிரீட் தளமும் அதன்கீழ் இடைவெளி விட்ட பொய்க்கூரையும் வேண்டும். சன்னலில் வெவ்வேறு தடிமனுள்ள இரண்டு கண்ணாடிகளை அகன்ற காற்றிடைவெளியுடன் பொருத்த வேண்டும்.

சன்னலை அடைத்தால் காற்றுக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. தாம்பரத்தில் 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை, திறந்தவெளிக் காற்றையே மருந்தாகக் கருதிய மரபில் வந்தது. இயற்கைக் காற்றோட்டத்தை நம்பும் பொது வார்டுகளில் ஒரு நோயாளிக்கு நொடிக்கு 60 லிட்டர் காற்று தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டி. ஆகவே இரைச்சலைத் தடுக்கப்போய்த் தொற்றை வளர்த்துவிடக் கூடாது. உட்புறம் ஒலியுறிஞ்சி பதித்த, வளைந்து செல்லும் காற்றுக்குழாய்கள் இரண்டு தேவைகளையும் நிறைவேற்றும். விமானப் பாதையை நோக்கிய பக்கத்தில் படிக்கட்டு, கிடங்கு, கழிவறைகளை வைத்து, வார்டுகளை மறுபக்கம் அமைப்பதும் உதவும்.

இவற்றைக் கட்டி முடித்தபின் சேர்ப்பது கடினம். கூரையின் கனத்தையும் குழாயின் பாதையையும் வரைபடத்திலேயே தீர்மானிக்க வேண்டும். எனவே விமான நிலைய ஒலி மண்டலத்தில் எழும் மருத்துவமனைக்கு, வரைபட அனுமதியின்போதே ஒலித்தடுப்புக் கணக்கைக் கட்டாயமாகக் கேட்க வேண்டும். திறப்பதற்கு முன், காற்றோட்டம் இயங்கும் நிலையில், நோயாளியின் தலைமாட்டில் இரவு உச்ச ஒலியை அளந்து பார்க்கவும் வேண்டும்.