சதீசு குமார் (குத்துச்சண்டை வீரர்)

சதீசு குமார் (பிறப்பு: மே 4, 1989) ஓர் இந்தியக் குத்துச்சண்டை வீரர் ஆவார். உத்தரப் பிரதேசத்தின் புலந்தசகர் மாவட்டத்தைச் சேர்ந்த இவர், 91 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடைப் பிரிவில் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர்.

இளமையில் இவர் கபடி ஆடினார். 2008இல் தரைப்படையில் சேர்ந்த பின்னர், இவரது உயரத்தையும் உடற்கட்டையும் கண்ட பயிற்றுநர்கள் இவரைக் குத்துச்சண்டைக்குத் திருப்பினர். குறைந்த எடைப் பிரிவுகளில் இது மிகவும் பிந்திய தொடக்கம். அதிக எடையினரின் உடல் முழு வளர்ச்சி பெறக் காலமாவதால், சிறுவயது வெற்றிகளைக் கொண்டு மட்டும் அவர்களை மதிப்பிட இயலாது. உயரம், கைநீளம், கால் நகர்வு ஆகியனவும் நோக்கப்படுகின்றன. 1986இல் 20 வயதிலேயே உலக வாகையரான மைக் டைசனை விதிவிலக்கு எனலாம். 2005இல் பயிற்சி தொடங்கிய அமெரிக்கர் டியான்டே வைல்டர், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலேயே வெண்கலம் வென்றார்.

சதீசு குமார் 2014 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் வெண்கலமும், 2018 பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளில் வெள்ளியும் பெற்றார். 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் யமேக்காவின் ரிக்கார்டோ பிரவுனை 4–1 என வென்றபோது முகத்தில் காயமுற்றார். 13 தையல்களுடன் காலிறுதியில் உசுபெக்கிசுத்தானின் பக்கோதிர் சலோலவை எதிர்கொண்டு 0–5 எனத் தோற்றார். உயரத்திற்காகத் தெரிவு செய்யப்பட்ட இவரை விடவும் சலோலவ் உயரமானவர். ஏறத்தாழ 2 மீட்டர். அப்பிரிவின் தங்கப் பதக்கத்தையும் அவரே வென்றார்.