எலும்புருவின் ஒப்பனை

கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலுக்குச் செல்வோர், வடவாயிலருகே அமர்ந்திருக்கும் கலைமகளின் எழிலைக் கண்டு மகிழ்வர்; சண்டேசருக்கு இறைவன் மாலை சூட்டும் சிற்பத்தின் முன் நெடுநேரம் நிற்பர். தென்புற மாடத்தில், ஆடவல்லானின் திருவடிப் பக்கத்தில், வற்றிய மேனியுடன் தாளமிட்டு அமர்ந்திருக்கும் சிறிய உருவத்தைக் கூர்ந்து நோக்குவோர் சிலரே. அவ்வுருவம் காரைக்கால் அம்மையார்.

இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள இக்கோயிலை எடுப்பித்தவன் முதலாம் இராசேந்திரன். கங்கை வரை வென்ற வேந்தன், தன் வெற்றிநகரின் கோயிலில் இந்த எலும்புருவுக்கும் இடம் தந்தான் என்பது எண்ணத்தக்கது.

நலிந்த தோற்றத்தை ஒப்பனையால் படைப்பது இக்காலத் திரைக்கலையின் புதுமை என்று கருதுவோர் உளர். அரிதாரம் என்ற சொல்லையே பாருங்கள். அது மஞ்சள் நிறக் கனிமம் ஒன்றின் பெயர். கூத்தர் முகத்தில் பூசியதனால் ஒப்பனைக்கே பெயராகிவிட்டது. நலிவைக் காட்டும் வேடத்தில் கண்குழிக்கும் கன்னத்துக்கும் கருமை தீட்டுவர். எலும்பு மேட்டின்மேல் வெண்மை இடுவர். பள்ளம் ஆழ்ந்தும் மேடு எழுந்தும் தோன்றும். சிற்பியின் வழியும் இதுவே. குழிவை உளியால் தோண்டிவிட்டால், மை தீட்டும் பணியைக் கதிரவன் பார்த்துக்கொள்கிறான்!

இவ்வுருவின் இலக்கணத்தை வகுத்தவர் அம்மையாரே. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் சுடுகாட்டுப் பெண்பேயை அவர் பாடும்போது, வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் குழிந்த கண்ணும் ஒட்டிய வயிறும் ஒவ்வொன்றாக வருகின்றன. வணிகர் குலத்துப் புனிதவதியாய், அழகிய இல்லாளாய் வாழ்ந்தவர் அவர். கணவன் அவரைத் தெய்வமென்று அஞ்சி விலகியபின், அவன் பொருட்டுத் தாங்கிய தசைப்பொதியைக் கழித்துப் பேயுரு வேண்டிப் பெற்றார் என்று பெரியபுராணம் கூறும். ஆகவே இங்கே நலிவு தண்டனையாக வரவில்லை. அவரே விரும்பி அணிந்த கோலம் அது.

இதே நகரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட முதற்குலோத்துங்கனின் அவைப்புலவர் சயங்கொண்டார், கலிங்கத்துப்பரணியில் வேறுவகைப் பேய்களைக் காட்டுகிறார். அவை பசியால் மெலிந்தவை. போர்க்களத்தில் கூழ் அட்டு உண்பவை. கேட்போர் அஞ்சவும் வேண்டும், நகைக்கவும் வேண்டும். போரின் கொடுமையை நகையாக்கியது எனக்கு முழுதும் உவப்பானதன்று. ஆயினும் புலவரின் கைத்திறனை மறுக்க இயலாது.

மூன்றாவது எலும்புருவும் ஒன்று உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாதுவருடப் பஞ்சத்தில், ஊப்பர் என்ற ஆங்கிலப் படைத்தலைவர் பசியால் வற்றியோரை வரிசையாக அமர்த்திப் புகைப்படம் எடுத்தார். அவற்றில் விலா எலும்பும் குழிந்த கண்ணும் சிற்பத்தில் கண்டவையே போலத் தோன்றும். ஆனால் அம்மனிதர் அக்கோலத்தை வேண்டிப் பெற்றவரல்லர். அப்படங்களைப் பார்த்து முகத்துக்கு மை தீட்டும் ஒப்பனையாளர், எந்த எலும்புருவைத் தாம் நடிகருக்குப் பூசுகிறோம் என்று கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

1973ஆம் ஆண்டில் வெளிவந்த காரைக்கால் அம்மையார் திரைப்படத்தில், முதிய அம்மையாராக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள். எவ்வளவு மை தீட்டினும் அவரை எலும்புருவாகக் காட்டியிருக்க முடியாது. அக்குரலைக் கேட்டவர் எவரும் அதைக் குறையாகக் கொண்டிலர்.